பாறையில் நடந்த பரீட்சை

ராஜரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் வாத்தியார். குடியிருப்பு ராஜபாளையம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். ஆனால் மனுஷன் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது கடல்பாசி.

போன வருஷம் பாசி பறிக்கப் போய்க் கடற்பாறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு கிடந்தவருக்குச் சோறு ஊட்டிய மனைவி கிருபாபாய், கட்டுப் பிரித்த அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“இனி பாறைப் பக்கம் போனிய, நான் சேத்தூருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்.”

அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் நன்றாக உள்வாங்கும்; பாசிப் பாறை வெளியே தெரியும். தீர்ப்புக்குப் பிறகு அந்த நாட்களில் எல்லாம் அவருக்கு வெளியூரில் பரீட்சை மேற்பார்வை வந்தது.

“திருநெல்வேலியில பரீட்சை, கிருபா.”

“போயிட்டு வாங்க.”

அவ்வளவு லேசாக விட்டதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. திருச்செந்தூர் பஸ்ஸில் குறுகி உட்கார்ந்து, தெரிந்த முகம் ஏதும் ஏறுகிறதா என்று பின்வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். கழுத்து பிடித்துக்கொண்டது.

கரையோரப் பாறையெல்லாம் பச்சைப் பாசி. அவருக்கு வேண்டியது சிவப்பு. அது அலை அடிக்கிற விளிம்பில்தான் கிடைக்கும். பாறைக்குப் பாறை தாவிப் போய்ச் சுரண்டிப் பையில் போட்டு நிமிர்ந்தால், வந்த வழி தண்ணீருக்குள் போயிருந்தது. அலை முழங்காலைத் தொட்டது. நீச்சல் தெரியாது. கால் வழுக்க, பாறையைக் கட்டிக்கொண்டார். பை கடலோடு போயிற்று. பக்கத்திலிருந்த நண்டு அவரைப் பார்த்துவிட்டு வேறு பாறைக்குக் குடிபோனது. கர்த்தரைக் கூப்பிட வாய் திறந்தார், உப்புத் தண்ணீர்தான் உள்ளே போனது.

“பரீட்சை முடிஞ்சிட்டா?”

அடுத்த பாறையில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிருபாபாய்.

“நீ எப்படி வந்த?”

“உங்க பஸ்ஸுலதான். நீங்க வழிநெடுகப் பின்னாடியே பாத்திய. நான் முன் சீட்டுல இருந்தேன்.”

“பொய்னு எப்படித் தெரியும்?”

“அமாவாசையும் பௌர்ணமியுமாப் பாத்து எந்தக் கவர்மெண்டு பரீட்சை வைக்கும்? கையக் குடுங்க. அந்தக் கை இல்ல, நல்ல கை.”

இழுத்துக் கரை சேர்த்தாள். அவர் மணலில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்தார்.

“சேத்தூருக்குப் போகப் போறியா?”

“நான் போனா உங்கள யாரு இழுக்க? எந்தப் பாசி வேணும்னு அடையாளம் மட்டும் சொல்லுங்க. அடுத்த அமாவாசைக்கு நான் ஏறுதேன்.”

சில வருஷத்தில் ராஜரத்தினம் டாக்டர் ராஜரத்தினம் ஆனார். அந்த வருஷங்களில் ஆராய்ச்சிக்கான பாசி முழுவதையும் பறித்தது கிருபாபாய். அவர் கரையில் நின்று அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.