தேவாங்குக்கு வேலை நிரந்தரமான கதை

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு ஒரு ஆபீசும் இருந்தது. குளத்தைவிட ஆபீசுக்குத்தான் அங்கே மரியாதை அதிகம்.

கோடை வந்துவிட்டால் தண்ணீர் குடிக்கச் சீட்டு வேண்டும். குளச்சீட்டு என்று பெயர். யானைக்கும் ஒரு சீட்டு, எலிக்கும் ஒரு சீட்டு. அந்தச் சீட்டைக் கம்ப்யூட்டர்தான் கொடுக்கும். காட்டுக்குள் கரண்ட் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எருமை பேசும் என்று சொன்னால் தலையாட்டிக் கேட்பீர்கள், கரண்ட் வந்தது என்றால் மட்டும் சந்தேகமா?

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தது பூங்கோதை என்கிற தேவாங்கு. தேவாங்கு இரவில் விழித்துப் பகலில் தூங்குகிற பிறவி. வயிற்றுப்பாட்டுக்காக இவள் பகலெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சீட்டு அடித்தாள். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். வேலை நிரந்தரமானால் ஆபீசுக்குப் பின்னால் நிற்கிற வேப்பமரத்தில் ஒரு பொந்து தருவார்கள். அதுவரைக்கும் மொட்டைக் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆந்தை வருகிறதா என்று ஒரு கண்ணைத் திறந்து வைத்துத்தான் தூங்க வேண்டும். அந்தப் பொந்தை அவள் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். உள்ளே ஒரு மூலையில் எதை வைப்பது என்றுகூட முடிவுபண்ணி வைத்திருந்தாள்.

கம்ப்யூட்டருக்கு ஒரு குணம். பத்துச் சீட்டு அடிக்கும், பதினொன்றாவதில் அப்படியே உறைந்து நின்றுவிடும். மவுஸ் என்கிற எலியை ஆட்டினால் திரையில் அம்பு நகராது. என்னத்தை அமுக்கினாலும் அசையாது.

"ஹேங் ஆயிடுச்சு," என்பாள் பூங்கோதை.

வரிசை மொத்தமும் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடும். அணைத்துப் போட்டு அது மறுபடி கண் திறப்பதற்குள் முயல் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடும்.

மன்னர் சிங்கத்துக்கு இந்த ஆபீஸ் மேல் தனிப் பிரியம். தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு நேராக இங்கேதான் வருவார். கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பின்பக்கம் வருகிற சூட்டுக் காற்றில் பிடரியை விரித்துக் காய வைப்பார். ஈரத்தலையோடு இருந்தால் அவருக்குத் தும்மல் வரும். ராஜா தும்மினால் யார் பயப்படுவார்கள்?

ஒருநாள் பிடரியை உலர்த்திக்கொண்டே சொன்னார்:

"வரிசை நம்ம குகை வாசல் வரைக்கும் வந்துடுச்சு. நாளைக்கு நான் வரும்போது இந்த மெஷின் ஒழுங்கா ஓடணும். ஓடினா பூங்கோதைக்கு நிரந்தரம். ஓடலைன்னா வேற ஆள்."

பூங்கோதைக்கு அன்றைக்குத் திறந்து வைக்கிற ஒரு கண்ணும் மூடவில்லை, மூடி வைக்கிற இன்னொரு கண்ணும் மூடவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் காரியதரிசி நரி வந்தார். கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு பென்டிரைவ்.

"பூங்கோதை, டவுன்ல விசாரிச்சுட்டேன். எல்லாத்துக்கும் காரணம் பயாஸ். இதுல புதுசு இருக்கு. அப்டேட் பண்ணிடு."

பயாஸ் என்றால் வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் "நீ இன்னார், உன் கை இங்கே, கால் இங்கே" என்று அதன் காதில் ஓதுகிற சின்னப் பாடம். அந்தப் பாடத்தை மாற்றி எழுதும்போது பாதியில் நிறுத்திவிட்டால் அது தன்னையே மறந்துபோகும்.

"ஐயா, பெட்டியைத் தொட்டா சுடுது. முதல்ல திறந்து உள்ள என்னன்னு பார்த்துடலாமே?" என்றாள் பூங்கோதை.

"திறக்க உத்தரவு இல்லைம்மா. அப்டேட்டுக்கு உத்தரவு இருக்கு."

உத்தரவு இருக்கிற வேலையைப் பூங்கோதை ஆரம்பித்தாள். திரையில் ஒரு கோடு ஊர்ந்தது. கீழே, 'முடியும்வரை அணைக்காதே' என்று சிவப்பு எழுத்து. கோடு பத்தைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது. வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அறுபத்து மூன்றுக்கு வந்தபோது சுவர்க் கடிகாரம் ஒரு மணி அடித்தது.

டக்.

எல்லாம் இருண்டது.

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆபீஸ் உதவியாளர் வீரபத்திரன் நின்றுகொண்டிருந்தார். கரடி. ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம், மெயினை அணைக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிவு, மெயினை அணைக்க வேண்டும். பதினொரு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் பிசகியதில்லை. குளத்தங்கரைத் தேன்கூடு விழுந்த அன்றைக்குக்கூட மெயினை அணைத்துவிட்டுத்தான் ஓடினார்.

"என்ன தாயி, எல்லாரும் என்னையே பார்க்கிறீங்க? மணி ஒண்ணுதானே?" என்றார்.

மறுபடி போட்டார்கள். பெட்டிக்குள் காற்றாடி முனகிக்கொண்டு சுற்றியது. திரை மட்டும் கறுப்பு. 'பீப்' என்று மூன்று தடவை கத்திவிட்டு அடங்கியது.

நரி பென்டிரைவை மேசைமேல் வைத்தார். "நான் எழுத்துமூலமா எதுவும் சொல்லலை," என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனார்.

வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் வெள்ளையம்மா. கன்னங்கரேல் என்று இருக்கிற எருமை.

"ஏ பூங்கோதை, முன்னாடி தூங்கித் தூங்கியாவது எழுந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரேயடியாத் தூங்க வச்சிட்டியே ஆத்தா!"

"கொஞ்சம் சும்மா இருங்கக்கா."

"பக்கத்துல ரெண்டு தட்டு தட்டிப் பாரு. என் மூத்தவன் அப்படித்தான் எழுந்திருப்பான்."

பூங்கோதை பெட்டியைப் பார்த்தாள். செத்த பெட்டியைத் திறக்க யார் உத்தரவு வேண்டும்? திறந்தாள். தேவாங்கு விரல் குச்சி மாதிரி மெலிசு, கண்ணோ கோலிக்குண்டு மாதிரி பெரிசு. அந்த வேலைக்கென்றே செய்தது போல. பொட்டுக் கணக்காக இருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி, நூறு வரை எண்ணி, திரும்ப மாட்டினாள். மூன்று பீப். ரேம் பட்டையைக் கழற்றி, பித்தளைப் பல்லை ரப்பர் வைத்துத் தேய்த்து மாட்டினாள். அதற்கும் மூன்று பீப்.

"அது உன்னைத் திட்டுதுடி," என்றாள் வெள்ளையம்மா.

பூங்கோதைக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. பயாஸ் செத்தாலும் அதை மறுபடி எழுத இந்தப் பெட்டியில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. பின்பக்கம், தனியாகக் கட்டம் போட்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு குட்டிப் பொத்தான். பென்டிரைவைச் செருகிப் பொத்தானை அமுக்கினால் பெட்டி தானே பாடத்தைப் படித்துக்கொள்ளும். பென்டிரைவை எடுத்துச் செருகினாள். போகவில்லை. திருப்பிச் செருகினாள். போகவில்லை. குனிந்து பார்த்தாள். ஓட்டை முழுக்கக் கெட்டியாக மஞ்சளாக என்னவோ அடைத்திருந்தது.

"வீரபத்திரண்ணே, இது என்ன?"

கரடி எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"ஆயுத பூஜை சந்தனம், தாயி. கட்டம் போட்டிருந்துச்சா... இங்கதான் பொட்டு வைக்கணும் போலன்னு வருஷா வருஷம் வச்சிட்டு வரேன். கொஞ்சம் அழுத்தித்தான் வைப்பேன். பக்தி."

"பதினொரு வருஷச் சந்தனமா?"

"போன வருஷம் குங்குமமும் வச்சேன்."

வரிசையில் ஒரு கருவேல முள் வாங்கி, பூங்கோதை துளித்துளியாகச் சுரண்டினாள். உடைந்துவிடாமல் எடுக்க வேண்டும். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. ஒருவழியாகப் பென்டிரைவ் உள்ளே போனது. பொத்தானை அமுக்கினாள். ஒரு சின்னப் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. சிமிட்டி முடிகிற வரைக்கும் கரண்ட் போகக் கூடாது.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்கு ஐந்து நிமிஷம். வீரபத்திரன் எழுந்து மெயின் சுவிட்சில் கை வைத்து நின்றுவிட்டார்.

"அண்ணே, இன்னிக்கு ஒருநாள்..."

"தாயி, என்ன வேணும்னாலும் கேளு. இதைக் கேக்காதே. மணி அஞ்சானா என் கை என் பேச்சையே கேக்காது."

பூங்கோதை கெஞ்சவில்லை. சுவரில் ஏறினாள். கடிகாரத்தின் பெரிய முள்ளை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். முள் அப்படியே நின்றது.

கரடி நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன தாயி பண்றே?"

"தூசி தட்டறேன் அண்ணே."

"தட்டு, தட்டு. ரொம்பத் தூசிதான்," என்றார் கரடி. "மணி இன்னும் அஞ்சாகலையே."

பச்சை விளக்கு சிமிட்டியது, சிமிட்டியது, நின்றது. திரையில் வெளிச்சம் வந்தது. பூங்கோதை இறங்கப் பார்த்தாள். முள்ளை விட்டால் என்ன ஆகும் என்று தயங்கினாள். கரடி ஒரு கையை நீட்டி முள்ளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போ. மிச்சத் தூசியை நான் தட்டறேன்."

பெட்டியை மூடப்போகும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். காற்றாடிக்குள் ஒரு பந்து. தூக்கணாங்குருவிக் கூடு அளவு. இழுத்தாள். வர வர வந்துகொண்டே இருந்தது. பொன் நிறம், சுருட்டை, லேசாகக் குளத்து வாசனை. மன்னரின் பிடரி முடி. காற்றுப் போக வழியில்லாமல் பெட்டி கொதித்து, கொதித்து, உறைந்து நின்றிருக்கிறது. பயாஸ் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

பந்தை மேசைக்குக் கீழே போட்டுவிட்டுச் சீட்டு அடிக்க ஆரம்பித்தாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நிற்கவே இல்லை. வரிசையில் இருந்த பத்தொன்பது பேருக்கும் கை சூடு ஆறுவதற்குள் சீட்டு வந்துவிட்டது.

ஒருத்தர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"என்னடி இது, இவ்வளவு அவசரம்?" என்றாள் வெள்ளையம்மா, சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "மான் வீட்டு மருமக கதை பாதியில நிக்குது. இனி அதை எங்க போய்க் கேக்கிறது?"

அந்த நேரம் பார்த்து மன்னர் வந்தார், தண்ணீர் சொட்டச் சொட்ட. கூடவே நரி, எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல். மன்னர் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிடரியை விரித்தார். முகம் மாறியது.

"சில்லுன்னு வருதே! செத்துப்போச்சா?"

"இல்லை மகாராஜா, சரியாயிடுச்சு. வரிசையே முடிஞ்சுபோச்சு," என்றாள் பூங்கோதை.

நரி தொண்டையைச் செருமினார். "வரிசை இல்லைன்னா ஆபரேட்டர் எதுக்கு, மகாராஜா? பொத்தானை அமுக்கக் கரடி போதும். அப்புறம், சூடு இல்லாத மெஷினைச் சரியான மெஷின்னு எப்படிச் சொல்றது?"

மன்னர் தும்மினார். பூனைத் தும்மல். ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள்.

பூங்கோதை ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தாள். பொந்துக்குள் நிழல், இதமாக, இருட்டாக இருந்தது.

"மகாராஜா, ஒரே ஒரு நிமிஷம். கடைசி அப்டேட் ஒண்ணு பாக்கி இருக்கு."

முதலில் தன்னுடைய நிரந்தர ஆணையை அச்சடித்து எடுத்துக்கொண்டாள். மெஷின் ஓடுகிறபோதே செய்துகொள்ள வேண்டிய வேலை அது. பிறகு மேசைக்குக் கீழே குனிந்து, பந்தை எடுத்து, எங்கே இருந்ததோ அங்கேயே பதவிசாக வைத்துப் பெட்டியை மூடினாள்.

காற்றாடி முனகியது. கொஞ்ச நேரம் போயிற்று. கரடி இரண்டு கையாலும் கடிகார முள்ளைப் பிடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பெட்டி சூடேறியது, பின்னால் அனல் வந்தது, திரை உறைந்து நின்றது.

"ஆகா!" என்றார் மன்னர், கண்ணை மூடிக்கொண்டு. பிடரி ஒவ்வொரு இழையாகக் காய்ந்து எழுந்தது. "இப்பத்தான் சரியா ஓடுது! எங்கே அந்தக் காகிதம்?"

பூங்கோதை நீட்டினாள். மன்னர் பாதத்தை அழுத்திப் பதித்தார். நரியும் சாட்சிக்குப் பாதம் வைத்தார். "நான் அப்பவே சொன்னேன், அப்டேட் பண்ணினா சரியாயிடும்னு," என்றார்.

அவர்கள் போனதும் வெள்ளையம்மா ஜன்னலில் மூக்கை நீட்டினாள்.

"ஏ பூங்கோதை, நீ உள்ளே எதையோ வச்சதை நான் பார்த்தேன்."

பூங்கோதையின் பெரிய கண் இன்னும் பெரிதானது. "அக்கா..."

"நாளைக்கு எத்தனையாவது சீட்டுல நிக்கும்?"

"பதினொண்ணுல."

"அப்ப நான் பன்னெண்டாவதா உட்கார்றேன். மானைப் பதிமூணாவதா வரச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு குளத்துக்குப் போனாள்.

வீரபத்திரன் முள்ளை விட்டார். மணி ஐந்து அடித்தது. மெயினை அணைத்தார். பூங்கோதை அன்றைக்குப் பொந்தில் போய்ப் படுத்து, ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் இரண்டு கண்ணையும் சேர்த்து மூடினாள்.

நீதி: பழுதைக் கண்டுபிடித்து எடுப்பவர் கெட்டிக்காரர். எடுத்ததை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பவர்தான் நிரந்தரப் பணியாளர்.