பிறக்காத கேணல்

பொய் சொல்லிப் பிடிபட்டவர்கள் கொழும்பில் ஆயிரம் பேர் இருப்பார்கள். யாருமே பிடிக்காமல், தானாக வீடு வீடாகப் போய்ச் சரணடைந்த ஒரே மனிதர் வெள்ளவத்தை பாண்டம் ஐயாதான்.

போட்டோக்கொப்பிக் கடைக்காரர். வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் ஓட்டிய பாண்டம் விமானத்தைப் பற்றியே கதைப்பதால் அந்தப் பெயர். பாஸ்போர்ட்டைக் கொப்பி எடுக்கக் கொடுத்தால், அதையே விமானமாக்கித் தலைக்கு மேலே சுழற்றுவார். பாஸ்போர்ட்காரர் குனிந்துகொள்வார்.

அவருடைய நாயகன் ஒரு வியட்நாமிய விமானப்படைக் கேணல். பதின்மூன்று அமெரிக்க விமானங்களை விழுத்தி, கடைசியில் ஒரு பாண்டத்திடம் வீழ்ந்த வீரன். அந்தக் கதையை நானும் நம்பி என் பத்திரிகைப் பத்தியில் எழுதிவிட்டேன்.

போன வருடம் ஒரு மாணவி வியட்நாம் போர் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைக் கொப்பி எடுக்கக் கொண்டுவந்தாள். பக்கம் புரட்டிக்கொண்டிருந்த ஐயா அப்படியே நின்றுவிட்டார். பிறகு இரண்டு நாள் கடை பூட்டு.

மூன்றாம் நாள் கதை கேட்டவர்களைத் தேடிப் புறப்பட்டார். தெஹிவளையில் ஒருவர், “எனக்கு அந்தக் கதை மறந்தே போச்சு ஐயா” என்றிருக்கிறார். விடவில்லை. முழுக் கதையையும் திரும்பச் சொல்லி, அவரை நம்பவைத்து, அதன்பிறகு பொய் என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் அப்போது ஹேர்னியா ஒப்பரேஷன் முடிந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வெளிறிய முகத்தோடு ஐயா வந்து நின்றார்.

“தம்பி, மனசைத் திடப்படுத்துங்கோ. ஆள் இல்லை.”

“ஐயோ! ஆர் ஐயா?”

“கேணல்.”

“எப்ப செத்தவர்?”

“பிறக்கவேயில்லை!”

தையல் பிரியப் பார்த்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

“வியட்நாம்காரரிட்ட அப்பிடியொரு கேணலே இல்லையாம். இன்னொண்டு, துப்பாக்கி இல்லாததாலதான் பாண்டம் அடி வாங்கினது எண்டனான். அதுவும் அரைவாசிதான் உண்மை. அமெரிக்கக் கடற்படைக்காரர் துப்பாக்கி இல்லாத பாண்டத்தோடயே, நல்லாப் பழகின பிறகு வெண்டிருக்கினம். நீங்கள் திருத்தம் போடவேணும்.”

“விடுங்கோ ஐயா. ஐம்பது வருசத்துக்கு முந்தின சண்டை. ஆர் கேக்கப் போகினம்?”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “அண்டைக்கு அந்தப் பாண்டம் சுட்டதில விழுந்தவன் ஒருத்தன் இருந்தவன்தானே தம்பி? அவனுக்கும் தாய் ஒரு பேர் வச்சிருப்பா. கேணல், கேணல் எண்டு அவனை நான் இல்லாமப் பண்ணிப்போட்டன்.”

முதல் அதிர்ச்சிக்கு நான் சிரித்தேன். இதற்கு, “திருத்தம் போடுறன் ஐயா” என்றேன். “வெலாவ இவரய், மஹத்தயா” என்று சிங்களத்தில், பார்வை நேரம் முடிந்ததைச் சொல்ல வந்த தாதிகூட, அவர் கண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வீடு வந்ததும் திருத்தம் எழுதினேன். இதழ் வெளிவந்த அன்று காலையே ஐயாவின் போன். “வடிவா எழுதியிருக்கிறியள். ஆனா ரெண்டாம் பந்தியில ஒரு பிழை.”

இப்போதெல்லாம் எதை எழுதினாலும் முதலில் அவரிடம்தான் காட்டுகிறேன். அவர் விரலை வைத்து வரி வரியாக வாசிக்க நெடுநேரம் ஆகும். அவ்வளவு நேரமும் அந்தக் கடையில் சும்மா நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.