செவலைப் பசு வாங்கிய திட்டு

பகலில் தூங்குகிறவன் இரவில் விழித்திருப்பான் என்று உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை மறுக்காமல் விட்டதால் வந்த அவமானம் இது.

அறுபதுகளின் இறுதி. மணமான புதிதில், பொன்னேரிக்கு அப்பாலிருந்த மாமனார் ஊருக்கு அறுவடைக் காலத்தில் சென்றிருந்தேன். உண்ணும்போதே உறங்கிவிடுவேன் (ஒருமுறை ரசச் சோற்றில் மூக்கே இறங்கியது). இரவிலோ, படுத்தவுடன் உறக்கம், உறங்கியவுடன் கனவு, கனவு முடியுமுன் விழிப்பு. விடியும்வரை உறக்கம் கிழிந்து கிழிந்தே கிடக்கும். விழித்திருந்த துண்டுகளை மட்டும் கண்ட என் மனைவி, "அவுரு ராத்திரில கொட்டக் கொட்ட முழிச்சிகினுதான் இருப்பாரு நைனா" என்று தன் தந்தையிடம் சொல்லிவிட்டாள்.

அவ்வேளை களத்துக் காவலாளுக்குக் காய்ச்சல். அடுத்த பருவத்துக்கான விதைநெல் முழுவதும் களத்தில் குவிந்திருந்தது. மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எப்டியும் முழிச்சிகினுதான் இருக்கப் போறீங்க மாப்ள. அத்த களத்துல முழிச்சிகினு இருந்தா இன்னா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். புது மாப்பிள்ளை மிடுக்கு விடவில்லை. "ஒரு மணி நெல் குறையாது" என்றேன்.

அன்றிரவு களத்தில் காவலுக்குப் படுத்தவன் உறங்கிப்போனேன். விடியற்காலையில் கண் விழித்தது. கண் மட்டுமே விழித்தது. கையும் காலும் நாவும் எனக்குரியவையாக இல்லை (இதுவும் என் உறக்கத்தின் வழக்கமான வேடிக்கைதான்). கட்டறுத்து வந்த வீட்டுச் செவலைப் பசு என் முகத்துக்கு நேரே நின்று விதைநெல்லைத் தின்றது. தின்றது போக மிதித்தும் சாணமிட்டும் பாழாக்கியது. நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வந்து சேர்ந்த மாமனார், அது தின்பதையும் நான் பார்ப்பதையும் பார்த்தார்.

மருமகனைக் கடிந்து பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆகவே என் முகத்தைப் பார்த்தபடி பசுவைத் திட்டினார்.

"வெக்கமா இல்ல உனுக்கு? கண்ணு தொறந்துதான கீது? ஒரு குரல் குடுத்தா இன்னா கொறஞ்சா பூடுவ? படிச்ச மாடுனு நம்பினேன் பாரு."

நாவுக்கு உயிர் வந்ததும், "மன்னிச்சிடுங்க" என்றேன்.

"ஐயோ, உங்கள இல்ல மாப்ள. மாட்டத்தான் சொல்றேன்."

அவ்வாண்டு விதைக்காக அவர் பங்காளி வீட்டு வாசலில் நிற்க நேர்ந்தது. அதன்பின் நெடுநாள் நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் சென்னை மருத்துவர் ஒருவர், பகல் தூக்கம், துண்டுபட்ட இரவு, அசைய முடியாத விழிப்பு ஆகிய மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்றும், என்மேல் குற்றமில்லை என்றும் விளக்கினார். விடுதலையான பெருமிதத்தோடு மனைவியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தாள். அன்று அவள் சொன்னதை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்:

"பாவங்க அந்தச் செவல. எங்க நைனா அத்த வீணா திட்டிச்சு."