மேற்படி நிலவும் பராகிராஃப் அக்காவும்

ஜெர்மன் அதிகாரிகள் யாருக்கும் பயப்பட மாட்டார்கள் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் வரும் சின்ன நகரம் அது. அங்கே ஓர் அம்மா இருந்தார். அவர் படியேறி வருவது தெரிந்தால் நகரசபையின் இரண்டாம் மாடியில் மதிய இடைவேளை காலை பத்தரைக்கே தொடங்கிவிடும். வியாபார உரிமப் பிரிவு, வீட்டுப் பிரிவு, வெளிநாட்டவர் பிரிவு மூன்றிலும் அவருக்கு ஒரே பெயர்தான்: பராகிராஃப். ஜெர்மன் மொழியில் சட்டப்பிரிவு என்று பொருள். நாங்கள் தமிழர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்பதால் பின்னால் ஓர் அக்காவைச் சேர்த்துக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சாத்திய ஒரு கதவுக்கு வெளியே வைத்துத்தான் அவரை முதலில் கண்டேன். சின்ன வயதில் படிப்பை விட்டவர்கள், வேலை பார்த்து வளர்ந்தபின் வந்து படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று அங்கே இருந்தது. நுழைவுத் தேர்வில் தேறி மூன்று வருடம் படித்தால், பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான அபிட்டூர் சான்றிதழ் கிடைக்கும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எடுத்த உயர்தரச் சான்றிதழ் எரிந்த வீட்டோடு போய்விட்டது. பள்ளிக்கூடச் செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அகதிகள் ஆலோசனை நகரசபையில் நடக்கிறது என்றார். எனக்கு முன்னால் போன பெண்ணிடம், துப்புரவு வேலைக்கு ஆள் எடுப்பது பின்வாசலில் என்று சொல்லியிருந்தார். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு பேரும் வெளியே.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். சிவப்புக் கோட்டு, கக்கத்தில் ஒரு தடித்த சட்டப் புத்தகம். உம்மையும் கலைச்சுப்போட்டினமோ என்று என்னைக் கேட்டார். ஜெர்மனில்தான் கேட்டார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு எல்லாம் யாழ்ப்பாணத் தமிழிலேதான் காதில் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன். நான் தலையாட்டியதும் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

“எங்கள் ரெண்டு பேரையும் சோதனை எடுக்க விட ஏலாது எண்டு எழுத்தில தாங்கோ. காரணத்தையும் எழுதுங்கோ. கீழ கையெழுத்து வையுங்கோ. நாங்கள் இதிலயே இருக்கிறம்.”

செயலாளர் பேனாவை எடுத்தார். யோசித்தார். பேனாவை வைத்தார். ஜெர்மனியில் வாயால் சொல்லும் ‘இல்லை’ வேறு, எழுத்தில் சொல்லும் ‘இல்லை’ வேறு என்பதை அன்றுதான் கற்றேன். முதலாவதைத் தும்மல் மாதிரிப் போகிற போக்கில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு மேலதிகாரி, காரணம், முத்திரை எல்லாம் வேண்டும். பத்து நிமிடத்தில் எங்கள் இருவர் கையிலும் தேர்வுப் படிவம் இருந்தது.

அக்கா சிந்தி இனத்தவர். என்றோ இந்தியாவிலிருந்து போய், நூற்றாண்டுக் கணக்கில் ஜெர்மனியிலேயே வாழ்கிற மக்கள். நாம் ஜிப்சி என்று சொல்வதுபோல ஜெர்மன்காரர்களும் அவர்களுக்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை அவர் முன்னால் சொன்னவர்கள் இரண்டாம் முறை சொன்னதில்லை. தொழில், சந்தைகளில் திரைச்சீலை விற்பது. வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவர், நீங்கள் குடியிருக்கிற வண்டி எங்கே நிற்கிறது என்று ஆசையோடு விசாரித்தார். வண்டி மூன்றாம் மாடியில் இடப்பக்கக் கதவு, லிஃப்ட் வேலை செய்யாது, அதனால் குதிரைக்கு மூட்டு வலி என்று அக்கா முகம் மாறாமல் பதில் சொன்னார். அந்த ஆள் அதைக் குறித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

என்னோடு அறையில் இருந்தவர் செல்வம் அண்ணை. பேக்கரியில் வேலை. எதையும் பாதி கேட்டு முழுதாகப் புரிந்துகொள்வதில் அவரை விஞ்ச ஆள் கிடையாது. என்னோடு படிக்கிற அக்கா சிந்தி என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

“சிந்திக்காரரோ? கொழும்பில பெரிய புடவைக் கடையெல்லாம் அவையின்ரதானே. இவ என்ன யாவாரம்?”

திரைச்சீலை என்றேன். பார்த்தியோ, இரத்தத்தில இருக்கு என்றார். பம்பாய் சிந்தி வேறு, இது வேறு என்று நான் விளக்கிக்கொண்டிருந்த சமயம் பார்த்து அக்கா வீட்டுக்கு வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டு, எங்கட பாஷையில இதுக்குப் ‘பானி’ எண்டு சொல்லுறது என்று வேறு சொல்லித் தொலைத்தார். இந்திப் படம் பார்த்து வளர்ந்த செல்வம் அண்ணையிடம் அதற்குப் பிறகு எந்த விளக்கமும் எடுபடவில்லை. கடைசிவரை அவருக்கு அக்கா பம்பாய்க்காரிதான்.

ஆனால் எல்லாத் தமிழருக்கும் இந்தக் குழப்பம் இருக்கவில்லை. மாடியில் இருந்த எங்கள் ஆட்கள் விஷயம் தெரிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவ வந்தால் பெறுமதியான சாமானைக் கவனம் என்று புத்தி சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், பதில் ஒன்றும் சொல்லாமல் நின்றது. இப்படி இருக்கையில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடியே இருப்பார். சோறு சாப்பிடும்போதுகூட இடக்கை பையில்தான். மூன்றாம் மாதம் கேட்டே விட்டேன். அக்கா கொஞ்சம் சிவந்துபோனார். அகதியள் வீட்டுக்குப் போனா பை கவனம் என்று அவருடைய சின்னம்மா சொல்லியிருந்தாராம். மாடிக்காரர் சொன்னதை நானும் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் செல்வம் அண்ணை குசினியிலிருந்து ஓடிவந்தார். அன்றைக்குத்தான் அந்தப் பை முதன்முதலாக எங்கள் வீட்டுத் தரையைத் தொட்டது.

அக்காவின் ஜெர்மன் ஒரு தனி ஜெர்மன். ஆறு வயதில் அவரை ஒரு ஆசிரியர் பார்த்தார், குடும்பப் பெயரைக் கேட்டார், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கென்று இருந்த தனிப்பள்ளிக்கு அனுப்பிவிட்டார். தெருவிலிருந்த எல்லா சிந்திப் பிள்ளைகளும் அங்கேதான் போனார்களாம். அங்கே என்ன படித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“பின் வாங்கில இருத்தி, நிறம் தீட்டுறதுக்கு ஒரு யானை தந்தினம். தீட்டி முடிச்சன். இன்னொரு யானை தந்தினம். நாலு வருசம், தம்பி. யானையைப் பற்றி என்னட்டை எதையும் கேளும்.”

ஆகவே அக்கா வாசிக்கப் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல. முப்பது வயதில் சந்தையில் அவருடைய கடையை ஓர் அதிகாரி மூடச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, சட்டம் என்றார். அந்தச் சட்டத்தைக் காசு கொடுத்து வாங்கி, எழுத்துக் கூட்டி, ஒன்றரை வருடத்தில் முழுதும் வாசித்தார். கடைசியில் அதிகாரி சொன்ன விஷயம் அதில் எந்த இடத்திலும் இல்லை என்று கண்டுபிடித்தார். அன்றைக்கே, இனிச் சட்டம் படிப்பது என்று முடிவெடுத்துவிட்டார். வாழ்க்கையில் அவர் முழுதாக வாசித்த முதல் புத்தகம் வியாபார ஒழுங்குச் சட்டம் என்பதால், அவருடைய பேச்சும் எழுத்தும் அதே மாதிரி அமைந்துவிட்டன. தேநீர் கொடுத்தால், சீனி தொடர்பான என் முந்தைய விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பார்.

முதல் வருடம் ஜெர்மன் பாடத்தில் நிலவைப் பற்றிய பழைய கவிதை ஒன்றைக் கொடுத்து, கருத்து எழுதச் சொன்னார்கள். அக்கா இப்படித் தொடங்கினார்: ‘மேற்படி நிலவு, முன்னறிவித்தல் எதுவும் இன்றி, கவிஞருக்குச் சொந்தமல்லாத தோட்டத்தினுள் பிரவேசித்துள்ளது. இதனால் கவிஞருக்கு ஏற்பட்ட மனவேதனை இரண்டாம் பத்தியில் நிரூபிக்கப்படுகிறது.’ ஆசிரியர் சாதுவான மனிதர். சிவப்பு மையில், மொழியில் பிழை இல்லை, கவிதைதான் கைதாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அதற்கு மேன்முறையீடு செய்தார். இரண்டு பக்கம். ஆசிரியர் புள்ளியை அரைப் படி உயர்த்தினார். வாசித்துச் சிரித்ததற்கு அது என்று என்னிடம் பின்னால் சொன்னார்.

கணக்கென்றால் மட்டும் அவருக்குப் பயமே இல்லை. ஓர் இடைவேளையில் ஆசிரியர்களின் அறைக்குள் போய், மீட்டர் நாடாவால் ஜன்னலை அளந்து, உங்கள் திரைச்சீலை ஒவ்வொன்றும் நாலு சென்டிமீட்டர் கட்டை, கடைக்காரன் உங்களை ஏமாற்றிவிட்டான் என்று அறிவித்தார். எங்களுக்கு வீதக் கணக்கு சொல்லிக்கொடுத்த கணித ஆசிரியர் அன்று முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

செல்வம் அண்ணையின் மனைவியை இலங்கையிலிருந்து எடுப்பதற்கான விண்ணப்பம் பதினொரு மாதமாகக் கிடந்தது. அக்கா கூடப் போனார். வெளிநாட்டவர் பிரிவில், இந்த மாதம் டெர்மின் இல்லை என்றார்கள். டெர்மின் என்றால் சந்திப்பு நேரம். ஜெர்மனியில் கடவுளைப் பார்ப்பதற்கும் அது வேண்டும். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, சட்டப் புத்தகத்தை விரித்து, உரக்க வாசிக்கத் தொடங்கினார். ஆத்திரமில்லாமல், அவசரமில்லாமல், கமா விடாமல். இருபது நிமிடத்தில் டெர்மின் வந்தது. இவ என்ன மந்திரம் ஓதினவ என்று செல்வம் அண்ணை வழிநெடுக என்னைக் கேட்டார். அண்ணி வந்து சேர்ந்ததும் முதல் ஞாயிறே அக்காவுக்குக் கோழிக் குழம்பு வைத்தார்.

மூன்று வருடம் முடிந்தது. நான் நடுத்தரமாகத் தேறினேன். அக்கா என்னைவிட நன்றாகத் தேறினார். பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க அவருக்கு இடமும் கிடைத்தது. பெயர் பதியப் போகிற நாளில் துணைக்கு வா என்றார். வழக்கம்போல யாரையோ பந்தாடப் போகிறார், வேடிக்கை பார்க்கலாம் என்று போனேன்.

பந்தாட யாரும் இருக்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்த முகத்தோடு படிவத்தை நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு ஓரத்து வாங்கில் உட்கார்ந்தார். பெயர், பிறந்த இடம், தாய் தந்தை விவரம். முக்கால் மணி நேரமாகியும் முதல் கட்டத்தில்கூட அவர் எழுதவில்லை.  ஒரு படிவத்தின் முன் அவர் தயங்கி நான் பார்த்ததே இல்லை. வீட்டில என்ன சொல்லுகினம் என்று கேட்டேன். அப்பா மூன்று கிழமையாகத் தன்னோடு கதைப்பதில்லை என்றார். படித்தவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நாஜிகள் காலத்தில், அவர் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது சிந்திப் பிள்ளைகள் இனிப் பள்ளிக்கு வரத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து தலையை அளந்து, கண்ணின் நிறத்தைக் குறித்து, தாத்தா பெயர்வரை கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் முகாமுக்கு ஏற்றினார்கள். ஒன்பது பேர் போன குடும்பத்தில் திரும்பி வந்தது அவர் ஒருவர்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வாசலில் ஒரு கிழவர் நின்றார். அறுபத்தைந்தைத் தாண்டியவர், கறுப்பு சூட், தொப்பி கையில். கல்யாண வீட்டுக்கு வந்தவர் வீடு மாறி வந்துவிட்டது போன்ற முகம். அப்பா என்று அக்கா எழுந்து நின்றுவிட்டார். அவர் நேரே வந்து வாங்கில் உட்கார்ந்து, படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசி என்றார். அக்கா ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்தார். ஒவ்வொரு கேள்விக்கும், இது ஏன் வேண்டுமாம் என்று அவர் கேட்டார். அக்கா விளக்கினார். காப்புறுதி எண் எதற்கு என்று இருவரும் நெடுநேரம் வாதாடினார்கள். வரிசையில் நின்ற இளசுகளும் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கட்டம் எதற்கென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. வாசித்து முடிந்ததும் கிழவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். புதுப் பேனா. விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

“அப்ப எங்கட பேரை அவை எழுதினவை. இண்டைக்கு நீ எழுது.”

அக்கா எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. மேசைக்காரப் பெண் முத்திரை குத்தியதும் கிழவர் அந்த முத்திரை காயும்வரை ஊதிக்கொண்டு நின்றார்.

சட்டப் படிப்பை முடிக்க அக்காவுக்குப் பல வருடம் ஆனது. பெரிய தேர்வில் ஒரு தடவை தவறி, மறு தடவை தேறினார். தனிப்பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வருகிற பிள்ளைகளின் தாய் தகப்பனோடு இன்றைக்கும் பள்ளி பள்ளியாகப் போகிறார் என்று கேள்வி. அந்தத் தலைமை ஆசிரியர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. நான் பொறியியல் படித்து எர்லாங்கன் பக்கம் வேலைக்கு வந்துவிட்டேன். வருடத்தில் இரண்டு தடவை தொலைபேசியில் கதைப்போம். நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று குறுக்கு விசாரணை நடக்கும்.

எனக்கு இந்த நாட்டில் உறவென்று யாரும் இல்லை. போன மாதம் ஒரு சின்ன ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, ஏதும் நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தாதி கேட்டார். உடனே அக்காவின் நம்பரைச் சொன்னேன். உறவுமுறை என்ன என்றார். அக்கா என்றேன்.