ஹாரூக்கோவுக்கு இரண்டாவது கியரில்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. இருமியது, குலுங்கியது, நின்றது. அனிபால் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். பின் சீட்டில் மாமியார் ஒதிலியா, மடியில் பையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவசரமே இல்ல மாப்பிள்ளை. அடுத்த வாரம் போய்க்கலாம்."

பல் பிடுங்கிக்கொள்ள மூன்று நாள் தங்கலாம் என்று ஹாரூக்கோவிலிருந்து ஹவானாவுக்கு வந்தவள் அவள். பல் போய் மூன்று வாரமாகிறது. வீட்டிலிருந்த ஒரே கட்டில் அம்மாவுக்கும் மகளுக்குமாகப் போய்விட, அனிபால் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு இடையில் தொங்கியபடி தூங்கினான். தபால் நிலையத்தில் உறைகளுக்கு முத்திரை குத்தும்போதெல்லாம் முதுகும் கூடவே குத்தியது. பேருந்து வரும் நாளைச் சொல்ல ஊரில் ஆளில்லை. இருந்தது அப்பா விட்டுப்போன ஐம்பத்தோராம் வருடத்துக் கார்தான்.

உடம்பு மட்டும்தான் ஐம்பத்தொன்று. எஞ்சின் ஒரு ரஷ்ய ஜீப்புடையது. கியர்பெட்டி எதனுடையது என்ற விவரம் அப்பாவோடு போயிற்று.

எதிர்வீட்டு பஸ்குவால் மூடிப்போன சர்க்கரை ஆலையில் கடைசல் பிடித்தவன். பெட்ரோல் சரியாக ஏறவில்லை என்று சொல்லி, கார்புரேட்டரைக் கழற்றி ஊதித் துடைத்து மாட்டினான். எஞ்சின் சிங்கம்போல் உறுமியது. வண்டிதான் நகரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்றான். அதையும் சரிசெய்தான். இப்போது வழுக்கவில்லை, மிதித்தாலும் பிடியை விடவில்லை. அந்த நிலையில் அனிபால் கியரை இழுத்துத் தள்ள, உள்ளே என்னவோ கடகடவென்று அரைபட்டது. அன்றிலிருந்து மூன்றாவது கியர் விழவேயில்லை.

மனைவி மிர்த்தாவிடம், யாராவது தெரிந்தவர் வண்டியில் அம்மாவை அனுப்பிவைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தான். அவரைப்பருப்பு அடிபிடிக்கிறது என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பஸ்குவால் கிளட்சைத் திரும்பவும் பிரித்துச் சேர்த்தான். சனிக்கிழமை மாலை, கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். "ரெண்டாவது கியர் மட்டும் கொஞ்சம் தெம்பா இருக்கு. போட்டா அதுலயே போ. வழியில மாத்தாதே, மச்சான்."

மறுநாள் காலை அனிபாலும் மாமியாரும் கிளம்பினார்கள். நாற்பது கிலோமீட்டர். சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். ஒரு குதிரைவண்டிக்காரன் கொஞ்சதூரம் கூடவே வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அவனும் முந்திப் போனான். முதல் இறக்கத்தில் இரண்டாவது கியரும் நழுவத் தொடங்கியது. ஒதிலியா முன்சீட்டுக்கு வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கியர்த்தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரேடியேட்டர் மூன்று முறை கொதித்தது. மூன்று முறையும் அனிபால் வாளியோடு யார் வீட்டுக் கிணற்றையோ தேடிப் போனான்.

"இப்படிக் கஷ்டப்படணுமா மாப்பிள்ளை? திரும்பிடலாமே."

"உங்களை உங்க வீட்டு வாசல்ல இறக்காம திரும்பறதா இல்ல, அத்தை."

அவள் கியர்த்தண்டை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். பாவம், வயதான காலத்தில் இந்தப் பாடுபடுகிறாளே என்று அனிபாலுக்கே மனம் இளகிவிட்டது. பல் வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்றெல்லாம் கேட்டான். அடுத்த வருஷம் அவசியம் வந்து ஒரு வாரம் இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிவிட்டான்.

நாலு மணிநேரம் கழித்து, ஹாரூக்கோவின் கடைசி மேட்டையும் ஏறி, அவள் வீட்டு வாசலில் வண்டி தானாகவே நின்றது. அனிபால் இறங்கினான். இன்றிரவு கட்டிலில் கால் நீட்டலாம் என்ற நினைப்பில் பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டான். ஒதிலியா இறங்கவில்லை. கியர்த்தண்டைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவி கேட்க அவன் திரும்புவதற்குள் கதவு உள்ளேயிருந்து திறந்தது. முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு யாரோ ஒருவர் எட்டிப் பார்த்தார். அனிபாலைக் கண்டு விழித்தவர், காருக்குள் இருந்தவளைப் பார்த்ததும் மலர்ந்தார்.

"அடடே, வாங்கம்மா. வீட்டை எங்களுக்கு எழுதிக் குடுத்த அன்னைக்கு, இனி மாப்பிள்ளை வீட்டோடதான்னு சொல்லிட்டுப் போனீங்க. அங்க நல்லா பழகிடுச்சா?"