பளியர் தரப்பு நாற்காலி

மக்களைக் கேட்டு ஆளும் கலை எங்கெங்கோ பிறந்ததாகச் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். பிறந்த இடம் எதுவானாலும், அது பூரண வளர்ச்சி பெற்றது குற்றாலத்தில்தான். 1958, ஆடி மாதம்.

கடல் கடந்த ஒரு பெரிய சபை, 'மலைவாழ் மக்களைக் கேட்காமல் அவர்களுக்கு எதையும் செய்யக் கூடாது' என்று தீர்மானம் போட்டு, ஹென்ரிக் துரை என்ற நிபுணரையும் அனுப்பி வைத்தது. உடனே இங்கே 'மலைவாழ் மக்கள் முன்னேற்ற ஆலோசனைக் குழு' உதயமாயிற்று. மலை மக்களின் துயரம் சாரல் சமயத்தில்தான் உச்சத்தை அடைகிறது என்று குழு ஆராய்ந்து கண்டிருந்தபடியால், கூட்டம் அருவிக்குப் பக்கத்துப் பங்களாவில் கூடியது. பெரிய மனிதர்களுக்குப் பதினோரு நாற்காலி. பன்னிரண்டாவது, பளியர் பிரதிநிதிக்கு. அது நிரம்பாமல் கூட்டம் தொடங்கக் கூடாது என்பது விதி.

அந்த நாற்காலியில் உட்காரத்தான் வள்ளித்தாய் மலையிறங்கி வந்தாள். இருபத்திரண்டு பளியக் குடும்பங்களை மேலகரத்துக் காலனிக்கு இறக்கிவிட்டு, மேலே தேக்கு வைக்கப் போகிறார்களாம். தேன் வியாபாரிகளோடு பேரம் பேசிப் பழகிய வாய் என்பதால் குடியார் அவளை அனுப்பியிருந்தார்கள். 'தேன்பாறையை விட்டு வரமாட்டோம்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சபைக்குப் போகிறோமே என்று கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். அதுதான் தப்பாய்ப் போயிற்று.

"யாரும்மா நீ?" என்று வாசலில் மறித்தார் குழுச் செயலாளர் தில்லைநாயகம்.

"பளியக்குடி வள்ளித்தாய், ஐயா. வரச் சொன்னியளே."

"பளியச்சியா? இந்தச் சேலையிலயா? துரை போட்டோ எடுப்பாரும்மா. பார்த்தா மலைவாசி மாதிரி இருக்க வேண்டாமா?"

"அப்ப இலை தழையைச் சுத்திக்கிட்டு வரட்டுமா?"

"அது உத்தமம்" என்றார் செயலாளர், ரொம்ப மரியாதையாக.

அந்த நேரத்தில் நல்லக்கண்ணு உள்ளே நுழைந்தார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். இடுப்பில் கோவணம், உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு. காலையில் துரை மறந்துவிட்டுப் போன கைக்கடிகாரத்தைக் கொடுக்க வந்திருந்தார். துரை அவருக்குக் காட்டியது முதுகைத்தான், முகத்தைப் பார்த்ததில்லை. கோவணக் கோலத்தைக் கண்ட துரை, "ஆஹா!" என்று எழுந்து கும்பிட்டு, பன்னிரண்டாவது நாற்காலியில் அவரை உட்கார்த்தினார்.

செயலாளர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வள்ளித்தாய் சாரலில் நனைந்துகொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"ஐயா, நான் எண்ணெய் தேய்க்கிறவன்!" என்று பதறினார் நல்லக்கண்ணு. "மேலகரத்துக்காரன். வீடு வாசலெல்லாம் அங்கனதான் இருக்கு!"

"தம் மக்களுக்கு மேலகரத்திலேயே வீடு வாசல் வேண்டுமென்கிறார்" என்று துரைக்கு இங்கிலீஷில் சொன்னார் செயலாளர். துரை கண் கலங்கக் குறித்துக்கொண்டார்.

"மலையை விட்டு வர வருத்தமான்னு கேக்கிறார், சொல்லும்."

"மலையா? அங்க நான் எதுக்குப் போறேன்? அட்டை கடிக்கும்லா!"

"மலை வாழ்க்கையின் இன்னல்களை உருக்கமாக எடுத்துரைக்கிறார்."

வள்ளித்தாய் ஜன்னலைத் தட்டினாள். "ஏ அண்ணாச்சி, எந்திரிங்க! அது எனக்குள்ள நாக்காலி!"

"நானா தாயி வந்து உக்காந்தேன்? எந்திரிச்சா தோளைப் புடிச்சு அமுக்குதாவ! தெனமும் நான்தான் ஆளை அமுக்குவேன், இன்னைக்கு என்னைப் போட்டு அமுக்குதாவ!"

"அந்த அம்மாள் யார்?" என்றார் துரை.

"பொதுஜனம். பழங்குடி விவகாரத்தில் வெளியார் தலையிடக் கூடாதென்பது தங்கள் சபையின் தீர்மானம் அல்லவா?"

துரை அதை மனதார ஒப்புக்கொண்டு, பிரதிநிதியின் மேல் சாரல் படாதபடி தாமே எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார்.

பளியரை மேலகரத்துக்கு இறக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எண்ணெய் விரலில் மை ஒட்டாமல் மூன்று தடவை துடைத்துக் கைநாட்டு வாங்க வேண்டியிருந்தது ஒன்றுதான் தாமதம்.

வெளியே வந்த தில்லைநாயகத்துக்கு, இவள் பளியச்சிதான் என்பதில் இப்போது சந்தேகமே இருக்கவில்லை.

"வள்ளித்தாய், உங்களைக் கேட்காம நாங்க எதுவும் செய்யறதில்ல. அதனால கேக்கிறேன். சாமான் ஏத்த எத்தனை லாரி வேணும்?"

"ஒரு கூடை சாமானுக்கு லாரி எதுக்கு?" என்றாள் அவள். "தேன்பாறையை ஏத்துறதுக்குத்தான் லாரி வேணும். அத்தனை லாரி இருக்கா ஒங்ககிட்ட?"

செயலாளர் பேனாவைத் திறந்து பயபக்தியோடு எழுதினார்: 'மலைவாழ் மக்கள் தரப்பில் கூடுதல் லாரி கோரப்பட்டது.'

அடுத்த வாரம் ஒன்றுக்கு மூன்றாக லாரிகள் அடிவாரத்தில் வந்து நின்றன. பளியர்கள் வாய்விட்டுக் கேட்டதைக் குழு இல்லையென்று சொன்னதாக இன்றுவரை ஒருவராலும் நிரூபிக்க முடியவில்லை.