மன்ஷாவின் பாகல் கூடாரம்

ஃபைசலாபாத் பக்கத்துச் சந்தைகளில் இப்போது மூடுபனிக் காலத்திலும் பாகற்காய் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. விலை சரிந்தால் எருமைக்குப் போடுகிறார்கள். ஆனால் மன்ஷாவின் ஊரில் முதல் பிளாஸ்டிக் கூடாரம் எழும்பிய அந்தக் குளிரில், பாகற்காய் கோடைக்கு மட்டுமே வரும் விருந்தாளி. அதைக் குளிரில் வரவழைத்தே தீருவேன் என்று தலைப்பாகையைத் தட்டிச் சபதம் போட்டார் மன்ஷா.

சபதத்தோடு நின்றிருக்கலாம். மனைவி சுக்ராவிடம் பந்தயமும் கட்டினார்.

“நல்ல மனுஷி, மாக் மாசக் குளிர் முடியறதுக்குள்ள நான் காய்க்க வெச்சுட்டா, கிணத்தடிக் கடுகுப் பாத்தியை அழிச்சு அங்கேயும் கூடாரம் போட்டுடுவேன்.”

கடுகுப் பாத்தி சுக்ராவின் உயிர். அவள் கடைந்த கடுகுக்கீரையும் மக்காச்சோள ரொட்டியும் இல்லாமல் அந்தத் தெருவுக்குக் குளிர்காலமே கிடையாது.

“காய்க்கலேன்னா?”

“ஆயுசுக்கும் அந்தப் பாத்திப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்.”

“நீங்க காய்க்க வெச்சா. அதானே, ரஜியா அப்பா?”

“நானேதான்.”

மூங்கிலை வளைத்து, பிளாஸ்டிக்கைப் போர்த்தி, காற்று கிழித்த இடத்திலெல்லாம் ஒட்டுப் போட்டு, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். வெளியே உறைபனி. உள்ளே நுழைந்தால் ஈர மண் வெதுவெதுவென்று முகத்தில் மூச்சு விடும். கொடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பூத்ததெல்லாம் உதிர்ந்தது. மூடிய பிளாஸ்டிக்குக்குள் தேனீ எந்த வழியாக வரும்?

மன்ஷா தட்டுத் தட்டாக வெல்லப்பாகு வைத்தார். தேனீ வரவில்லை. எறும்பு குடும்பத்தோடு வந்தது.

“சௌத்ரி, தேனீக்கெல்லாம் பத்திரிகை வெச்சீங்களா?” என்று மன்ஷாவைக் கேட்டார் பக்கத்து வயல் லியாகத்.

அந்த வாரம்தான் சுக்ரா தேனாகப் பேச ஆரம்பித்தாள்.

“வெயில் ஏறாம கூடாரத்தைத் திறக்க முடியாது. விடியக்காலையில இங்க நின்னு ஏன் நடுங்கறீங்க? லியாகத் வீட்ல கணப்பு மூட்டியிருக்காங்க. போய் ஹுக்கா குடிச்சுட்டு வாங்க.”

கல்யாணமான நாளிலிருந்து ஹுக்காவைக் கண்டாலே முகம் சுளிப்பவள். மன்ஷாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

கொஞ்ச நாளில் பிஞ்சு தொங்கியது. அப்புறம் காய். மன்ஷா தோளில் மண்வெட்டியோடு, சாட்சிக்கு லியாகத்தையும் இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். வரப்பில் சுக்ரா நின்றிருந்தாள்.

“மொதல்ல கூடாரத்துக்குள்ள வாங்க.”

உள்ளே அவள் இலைகளை விலக்கிக் காட்டினாள். காய்க்குக் காய், இலை மறைத்த காம்பில் ஒரு சிவப்பு நூல். துப்பட்டாவில் அவள் பூவேலை செய்கிற பட்டு நூல்.

“யார் கட்டினது?”

“தேனீ.”

லியாகத் இருமினார்.

“நீங்க ஹுக்கா உறிஞ்சின நேரத்துல, நான் ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிள்ளிப் போட்டுட்டு, பெண் பூ மேல தொட்டு வெச்சேன். எங்கம்மா பூசணிக்கு இப்படித்தான் செய்வாங்க. நான் தொட்டதுக்கு அடையாளம் அந்த நூல். நூல் இல்லாத காய் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, பாத்தியை வெட்டிக்குங்க.”

மன்ஷா குனிந்து தேடினார். தவழ்ந்து தேடினார். லியாகத்தும் கூடமாட உதவினார்.

“அப்போ இந்தக் கூடாரம்?” மன்ஷாவின் குரல் இறங்கிவிட்டது.

“காய்க்க வெச்சவங்களுக்கு.”

அன்று அவள் சமைத்த பாகற்காய்க் கொத்துக்கறியின் மணம் மூடுபனியோடு தெருக்கோடி வரை போனது. இப்போது மலிந்து கிடக்கும் காயில் அந்த மணம் இல்லை என்று மன்ஷா இன்றைக்கும் சொல்வார்.

அடுத்த குளிரில் கடுகும் பூத்தது, கூடாரமும் நின்றது. மன்ஷாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. விடிந்ததும் ஆண் பூக்களைப் பறித்துக் கூடையில் கொண்டுவந்து தரவேண்டும். தந்துவிட்டு அவர் தயங்கி நின்றால், சுக்ரா நிமிராமலே சொல்வாள்:

“ஆண் பூவுக்கு வேலை முடிஞ்சுது. போய் ஹுக்கா குடிங்க.”